பன்னிரண்டு நிமிடப் பச்சை

அத்தியாயம் 6

"மணி ஒண்ணே கால். நாலு மணிக்குக் கமிட்டி கூடுது. அதுக்குள்ள நான் காட்டிக் கொடுத்தவளா இல்லையான்னு நீங்க சொல்லியாகணும்," என்றார் நோலீன் பிராமிச். சொன்ன கையோடு ஓவனைத் திறந்து ஸ்கோன் தட்டை வெளியே எடுத்தார்.

தன்னை விரட்டப் போகிற கூட்டத்துக்குத் தானே பலகாரம் சுட்டுக்கொண்டு போகிறவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"இது யாருக்கு?"

"கூட்டத்துக்குத்தான். ஜூலை மாசம் என் முறை. பட்டியல்ல பேர் போட்டிருக்கே."

"என்னை வெளிய தள்ளப் போறாங்கன்னா நான் பேதி மாத்திரை கலந்து எடுத்துட்டுப் போவேன்," என்றேன். நோலீன் கொஞ்சம் சிரித்தார். ரோவினா சிரிக்கவில்லை. அவள் ஃப்ரிட்ஜ் கதவருகே நின்று, அதில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த காகிதங்களைப் படித்துக்கொண்டிருந்தாள்.

ரோவினா ஸ்ட்ரட்டுக்கு வெப்சைட்களில் ஓட்டை தேடுவது தொழில். துப்பறிவாளர் என்று கார்டு அடித்தால் எங்கள் தீவின் துறைமுக ஊரான டெவன்போர்ட்டில் சிரிப்பார்கள் என்பதால் பரிசோதகர் என்று அடித்திருக்கிறாள். நான் டெஸ் பைபஸ், ஒன்பது வருடமாக அவளுடைய உதவியாளன். ஓட்டை தேடும் ஸ்கேனரை ஓட்டுவது நான், பேசுவதும் நான், யோசிப்பது மட்டும் அவள். ஒரு வெப்சைட்டில் என்னென்ன ப்ளக்-இன்கள், அதாவது என்னென்ன ஒட்டுச் சாமான்கள் சேர்த்திருக்கிறார்கள், அவை எந்த வெர்ஷன் என்று ஸ்கேனர் பார்க்கும். பழுதானவற்றின் பட்டியலோடு ஒப்பிட்டு, கெட்டதென்றால் சிவப்பு, நல்லதென்றால் பச்சை காட்டும். ஒரு கையில் சிப்பிக்கறி அடைத்த ஸ்காலப் பை பலகாரம், மறு கையில் மவுஸ் என்று ஒரு நாளைக்கு நாற்பது சைட் முடித்துவிடுவேன்.

நோலீனின் விவகாரம் இதுதான். உல்வர்ஸ்டனில் பெல்ஹார்பர் இல்லம் என்று ஒன்று இருக்கிறது. அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி வரும் பெண்களை ஊருக்குள் மூன்று சின்னச் சின்ன ஃப்ளாட்டுகளில் ஒளித்து வைப்பார்கள். முகவரி வெளியே போகவே கூடாது. பதினோரு நாளைக்கு முன்னால் போய்விட்டது. மெல்போர்னிலிருந்து கப்பலில் வந்திறங்கிய ஒரு புருஷன், காலை ஏழேகாலுக்கு நேராக, அங்கே ஒளிந்திருந்த தன் மனைவி டானிகாவின் கதவைத் தட்டியிருக்கிறான். டானிகா இப்போது தாடையில் கம்பி கட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவளுடைய இரண்டு வயது மகன் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தில் இருக்கிறான்.

அந்த முகவரியை எழுத்தில் எழுதியவர் நோலீன் ஒருவர்தான். பையனுக்குத் தொட்டில் வேண்டும் என்று இல்லத்தின் வெப்சைட்டில் இருக்கும் படிவத்தை அவர்தான் நிரப்பினார். போதாக்குறைக்கு, அந்த அயோக்கியனின் அம்மா நோலீனுக்கு ஒன்றுவிட்ட தங்கை. இந்தத் தீவில் யார்தான் யாருக்கு உறவில்லை? என் பல் டாக்டர் எனக்கு இரண்டு வழியில் மச்சான். ஆனால் கமிட்டிக்கு அந்த உறவு ஒன்றே போதுமானதாக இருந்தது. இன்று நாலு மணிக்கு நோலீனை நீக்கிவிட்டு, பெயரைப் போலீசுக்குக் கொடுக்கப் போகிறார்கள். பதினெட்டு வருடம் சம்பளமில்லாமல் உழைத்தவருக்குக் கிடைக்கிற மரியாதை அது.

"எங்க நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?" என்று கேட்டேன்.

"கண்ணு முன்னாடியேதான் இருந்துச்சு," என்றார் நோலீன், ஸ்கோன்களை ஒவ்வொன்றாக டப்பாவில் அடுக்கியபடி.

ரோவினா ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு தாளை உருவினாள். "இதை நான் கொஞ்சம் எடுத்துக்கலாமா?"

"தாராளமா."

"ஸ்கோன் செய்முறையா?" என்றேன். "நீ வெந்நீர் வச்சாலே அடி பிடிக்கும்."

அவள் தாளை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒன்பது வருடத்தில் என் ஜோக்குக்கு அவள் முகம் சுளித்திருக்கிறாள், திட்டியிருக்கிறாள். காதில் விழாதது போல் இருந்ததே இல்லை.

"முதல்ல, உங்க சைட்டை நாங்க சோதிக்கச் சம்மதம்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க," என்றாள் ரோவினா நோலீனிடம். சம்மதம் இல்லாமல் யார் வீட்டுக் கதவையும் நாங்கள் தொட்டுப் பார்ப்பதில்லை. நோலீன் எழுதிக் கொடுத்தார், பாஸ்வேர்டையும் சொன்னார். சமையல் மேசையில் மாவைத் துடைத்துவிட்டு லேப்டாப்பை வைத்து ஸ்கேனை ஓட்டினேன்.

பதினாலு ப்ளக்-இன். பதினாலும் பச்சை.

"கதவெல்லாம் பூட்டித்தான் இருக்கு," என்றேன். சொல்லும்போதே நோலீனின் முகம் வெளுத்தது. கதவு பூட்டியிருந்தால் சாவி வைத்திருப்பவர்தானே திருடி.

"டானிகாவோட மொபைல் நம்பர் இருக்கா?" என்றாள் ரோவினா.

நோலீன் ஒரு நோட்டைப் பார்த்துப் படித்தார். ரோவினா அதைச் சாதாரணத் தேடல் பக்கத்தில், ஊரில் எல்லோரும் மழை வருமா என்று தேடுகிற அதே பக்கத்தில், தட்டினாள். முதல் இரண்டு முடிவுகள் ஏதோ குப்பை. மூன்றாவது பெல்ஹார்பர் இல்லம்.

தொட்டில் ஒன்று. மெத்தையோடு இருந்தால் நல்லது. கீழே டானிகாவின் நம்பர். அதற்குக் கீழே ஃப்ளாட்டின் கதவு எண், தெரு, பின்பக்கமாக வரவும் என்ற குறிப்பு.

"இது நான் எழுதினது," என்றார் நோலீன். "இது உள்ள இருக்கிற ஆளுங்க மட்டும்தானே பார்க்கணும்? எல்லாராலயும் பார்க்க முடியுமா?"

"ஒருத்தன் பார்த்துட்டான்," என்றாள் ரோவினா.

"பதினோரு நாளா அத்தனை பேரும் என்னையே குடைஞ்சாங்களே, ஒருத்தர்கூட அந்த நம்பரைத் தட்டிப் பார்க்கலையா?"

கையில் ஆள் அகப்பட்ட பிறகு யார் காரணம் தேடுகிறார்கள்?

"அப்ப நோலீன் தப்பிச்சாச்சு. கிளம்பலாமா?" என்றேன்.

"எங்க தப்பிச்சாங்க? பாஸ்வேர்ட் இவங்ககிட்டதான் இருந்துச்சு, இவங்கதான் திறந்து விட்டாங்கன்னு கமிட்டி சொல்லும். யார் திறந்தாங்கன்னு சொன்னாத்தான் இவங்களுக்கு விடுதலை," என்றாள் ரோவினா.

படிவங்களை வாங்கி வைக்கிற ப்ளக்-இன்னின் பெயர் வாம்பட் ஃபார்ம்ஸ்; வாம்பட் என்பது எங்கள் பக்கத்தில் வளை தோண்டி வாழ்கிற ஒரு விலங்கு. பழைய வெர்ஷன் நாலு புள்ளி ஒன்றில் வாங்கி வைத்த படிவங்களை வெளியாள் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அது ஊரறிந்த ஓட்டை. நாலு புள்ளி இரண்டில் அதை அடைத்துவிட்டார்கள். ஸ்கேனர் இங்கே இருப்பது நாலு புள்ளி இரண்டு என்றது.

"பூட்டு புதுசு. கதவு மட்டும் திறந்து கிடக்கு. வாம்பட் வளை தோண்டிடுச்சா?" என்றேன்.

ரோவினா பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போய் அந்த ப்ளக்-இன்னின் கோப்புகளைத் திறந்தாள். இருநூற்று ஆறு கோப்புகள். வரிசையாக அவற்றின் தேதிகளை மட்டும் பார்த்துக்கொண்டே போனாள். எல்லாம் மூன்று வருடத்துக்கு முந்தைய பிப்ரவரி. ஒன்றே ஒன்று மட்டும் இந்த வருடம் மார்ச் பதினாலு, மதியம் பன்னிரண்டு நாற்பது.

"அது என்ன கோப்பு?" என்று நோலீன் எட்டிப் பார்த்தார்.

"அறிமுகக் குறிப்பு. இது இன்ன சாமான், இன்ன வெர்ஷன்னு எழுதி வச்சிருக்கிற தாள். கடையில புதுப் பால் வாங்கினா பாட்டில், மூடி, லேபிள் எல்லாம் புதுசா இருக்கும். இங்க லேபிள் மட்டும்தான் புதுசு. உள்ள இருக்கிறது மூணு வருஷத்துப் பால்," என்றாள் ரோவினா.

"அப்ப உங்க மெஷின் ஏன் நல்லாருக்குன்னு சொல்லுது?"

"எங்க மெஷின் பாலைக் குடிச்சுப் பார்க்காது. லேபிளைத்தான் படிக்கும்," என்றாள் ரோவினா. அப்போது அவள் பார்த்தது நோலீனை அல்ல, என்னை. ஏதோ என் சட்டையில் மாவு ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் தட்டிவிட்டுக்கொண்டேன்.

"வேற யார்கிட்ட பாஸ்வேர்ட் இருக்கு?"

"லிண்டன் ஹைட். பென்குயின் ஊர்ல இருக்கான். அவன்தான் இந்த சைட்டை இனாமாச் செஞ்சு கொடுத்தான். தங்கமான பையன்," என்றார் நோலீன்.

பழைய கடலோரச் சாலையில் மழையோடு போனோம். வழியில் நான் இரண்டு ஸ்காலப் பை வாங்கினேன். ரோவினா தன்னுடையதைத் தொடவில்லை. பென்குயின் ஊரில், ஊர்ப் பெயருக்காக நிறுத்தி வைத்திருக்கிற பெரிய சிமென்ட் பென்குயினுக்கு யாரோ மஞ்சள் ரெயின்கோட் போட்டுவிட்டிருந்தார்கள்.

"பார், இந்த ஊர்ல ஒழுங்காப் பாதுகாப்பு போட்டிருக்கிறது அது ஒண்ணுதான்," என்றேன்.

"டெஸ், கொஞ்ச நேரம் சும்மா வா."

லிண்டன் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் வேலை செய்துகொண்டிருந்தான். ஒரு பக்கம் நண்டுக் கூடைகள், மறு பக்கம் இரண்டு கம்ப்யூட்டர். நாற்பது வயதிருக்கும். கால்பந்து கிளப், சர்ச், நாய்க் கண்காட்சி என்று இந்தக் கடலோரத்தின் பாதி வெப்சைட்கள் அவன் கைவேலைதான். ரோவினா சுற்றி வளைக்காமல் தேதியையும் நேரத்தையும் சொன்னாள்.

"ஆமா, நான்தான் மாத்தினேன்," என்றான் லிண்டன், கொஞ்சமும் பதறாமல். "அதுக்கென்ன இப்போ? புது வெர்ஷனைப் போட்டா அந்தப் பக்கமே வெள்ளையாப் போயிடுது. நான் அதுல கைவச்சு ஏதேதோ ஒட்டுப் போட்டிருந்தேன். முழுசாச் சரி பண்ண ரெண்டு நாள் ஆகும். அந்த வாரம் என் தங்கச்சி கல்யாணம். லேபிள்ல ஒண்ணை ரெண்டாக்கினேன், சிவப்பு போயிடுச்சு. எங்க தொழில்ல எல்லாரும் பண்றதுதானே?"

எனக்கு ரத்தம் கொதித்தது. "எல்லாரும் பண்றதா? ஒரு பொண்ணோட தாடையை உடைச்சிருக்கான்யா! நீ ஒரு நம்பரை மாத்தினதால! அவ பையன் எவன் வீட்டுலயோ அழுதுட்டிருக்கான். நோலீனைப் போலீஸ்ல கொடுக்கப் போறாங்க. நீ இங்க நண்டுக் கூடைக்கு முடிச்சுப் போட்டுட்டு உட்கார்ந்திருக்க!"

லிண்டனின் கை நின்றுவிட்டது. "எந்தப் பொண்ணு?"

அவனுக்கு யாரும் சொல்லவே இல்லை. ரோவினா சொன்னாள். கேட்டுவிட்டு அவன் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

"தொட்டில், போர்வை லிஸ்ட்டுன்னு நினைச்சேன்," என்றான். "அதை யார் பார்த்தா என்னன்னு நினைச்சேன். முகவரி அதுல இருக்கும்னு தோணவே இல்லை. சத்தியமா." முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான். "நீங்க யாருன்னு சொன்னீங்க?"

"டெஸ் பைபஸ்."

"டெஸ்ஸா?" அவன் போனை எடுத்து எதையோ தேட ஆரம்பித்தான். "அப்ப நீங்க என்மேல கத்துறதுக்கு முன்னாடி இதைப் பார்த்துடுங்க. என்னை யாரும் சரி பண்ணச் சொல்லலை. பச்சையாக்கச் சொன்னாங்க."

போனை என் கையில் கொடுத்தான். மார்ச் பதினாலு, காலை பதினொன்று ஐந்து. எங்கள் ஆபீஸ் முகவரியிலிருந்து போன மெயில்.

'லிண்டன், பெல்ஹார்பர்ல வாம்பட் மட்டும் இன்னும் சிவப்பு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பச்சையாக்கிடுங்க, என் லிஸ்ட்டை முடிக்கணும். எப்படிப் பண்ணீங்கன்னு கேட்க மாட்டேன். ஹாஹா. டெஸ்.'

இரண்டு தடவை படித்தேன். எழுதியது ஞாபகமே இல்லை. அதுதான் பெரிய கேவலம். அந்தக் கடைசி வரியை அந்த வாரத்தில் இன்னும் எத்தனை பேருக்கு எழுதினேனோ, அதுவும் ஞாபகமில்லை.

ரோவினா பையிலிருந்து அந்த நாலு மடிப்புத் தாளை எடுத்துப் பிரித்தாள். ஸ்கோன் செய்முறை அல்ல. எங்கள் ஆபீஸ் சான்றிதழ். பெல்ஹார்பர் இல்லம், குறைகள் இல்லை. மறுபரிசோதனை மார்ச் பதினாலு, மதியம் பன்னிரண்டு ஐம்பத்திரண்டு, டெஸ் பைபஸ். ஒப்புதல், ரோவினா ஸ்ட்ரட்.

"லேபிள் மாறினது பன்னிரண்டு நாற்பதுக்கு," என்றாள். "ரெண்டு நாள் வேலை உன் மெயில் போய் ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிருக்கு. அடுத்த பன்னிரண்டு நிமிஷத்துல நீ பச்சை கொடுத்துட்ட. நீ கேட்கலை. நீ கேட்டியான்னு நானும் கேட்கலை. கீழே கையெழுத்துப் போட்டேன்."

"உனக்கு அங்கேயே தெரியுமா? ஃப்ரிட்ஜ்கிட்டயே?"

"நம்ம பேர் இருக்கிறது அங்கேயே தெரியும். உன் ஹாஹா இப்பதான் தெரியும்."

நோலீன் ஏன் எங்களைக் கூப்பிட்டார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தினமும் பால் எடுக்கும்போது கண்ணில் படுகிற தாள். அதில் இருக்கிற ஆட்களுக்கு விஷயம் தெரியும் என்று நம்பியிருக்கிறார். நம்மைப் போய் நம்பினாரே என்று எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. என் புத்தி அப்படி.

திரும்பும்போது வண்டியில் நான்தான் பேச்சை எடுத்தேன். மூன்றே கால் ஆகியிருந்தது.

"லிண்டன் ஒத்துக்கிட்டான். எழுதியும் கொடுத்துட்டான். அது போதும் ரோவினா. நோலீன் தப்பிச்சிடுவாங்க. நம்ம பேரை எதுக்கு இழுக்கணும்? இதைச் சொன்னா நாம கொடுத்த எல்லாச் சான்றிதழையும் எவன் நம்புவான்?"

"எவனும் நம்பக் கூடாது. நாளைக்கு எல்லாருக்கும் நானே எழுதப் போறேன்."

"ஆபீஸையே மூட வேண்டியதுதான்."

"மூடலாம்." வைப்பர் இரண்டு தடவை போய் வந்தது. "என் கையெழுத்தைப் பத்தி நான் சொல்லிடுவேன் டெஸ். உன் மெயிலைப் பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன். அதை நீ சொன்னா சொல்லு, இல்லைன்னா வண்டியிலயே உட்கார்ந்திரு."

வண்டியிலேயே உட்காரத்தான் எனக்கு ஆசை.

சர்ச்சுக்குப் பின்னாலிருக்கிற ஹாலில் கமிட்டி கூடியிருந்தது. ஏழு பேர். தலைவி ஆவ்ரில் கொலெட், கழுத்தில் முத்து, முன்னால் தட்டச்சு செய்து தயாராக வைத்த தீர்மானம். மேசை நடுவில் நோலீனின் ஸ்கோன்கள், ஜாம், க்ரீம். ஒருவரும் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. நோலீன் மேசையின் கோடியில், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

ரோவினா எழுந்து நின்று பேசினாள். தேடல் பக்கம், மூன்றாவது முடிவு, லேபிள், லிண்டனின் கடிதம். கடைசியில் சான்றிதழை மேசையில் வைத்து, "இதுல இருக்கிறது என் கையெழுத்து. பார்க்காமப் போட்டேன்," என்றாள்.

நானும் எழுந்தேன். என் போனில் அந்த மெயிலைத் தேடி எடுத்துப் படித்தேன். "எப்படிப் பண்ணீங்கன்னு கேட்க மாட்டேன்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, "டெஸ்னு கையெழுத்து. அது நான்தான்," என்று முடித்தேன். அந்த 'ஹாஹா'வை மட்டும் விழுங்கிவிட்டேன்.

ஆவ்ரில் கொலெட் தொண்டையைச் செருமினார். தீர்மானத் தாளைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். "நோலீன், நீ இதைத் தப்பா எடுத்துக்கக் கூடாது. நாங்க நடைமுறைப்படி..." என்று ஆரம்பித்து, என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு ஸ்கோனை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எடுத்தார்கள். பதினோரு நாள் அவதூறுக்கு அவர்கள் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான்.

நோலீன் ஆவ்ரிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேசையைச் சுற்றி என்னிடம் வந்தார்.

"அன்னிக்கு நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன். பச்சையா இருந்துச்சு."

"நான் கேட்டது அது இல்லை."

அவர் என் கையிலிருந்த போனை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, மெயிலைத் தானே படித்தார். படித்து முடித்த பிறகும் கடைசி வரியிலேயே கண் நின்றது. போனைத் துடைத்து என் கையில் திருப்பி வைத்தார்.

"டானிகாவை ஏழு மணி வரைக்கும் பார்க்க விடுவாங்க. ரெண்டாவது மாடி. இப்பக் கிளம்பினா போயிடலாம்," என்றார். "எப்படி நடந்துச்சுன்னு தினமும் எழுதி எழுதிக் கேட்கிறா. வாய் திறக்க முடியாதே. யாராலயும் பதில் சொல்ல முடியலை. நீங்க போய் இதைப் படிச்சுக் காட்டுங்க."

"சரி," என்றேன்.

"முழுசாப் படிங்க. அந்தக் கடைசி வார்த்தையை இங்க விட்ட மாதிரி அங்க விடாதீங்க."

வண்டிச் சாவி என் பையில் இருந்தது. அதை எடுத்து நீட்டினேன், ரோவினா வாங்கிக்கொண்டாள். நான் போனை மட்டும் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் மழையில் இறங்கினேன்.